காலாவதி மாத்திரை எங்கே போகிறது, குளத்து நீரில் எதைத் தேடுகிறார்கள்?

போகிக்கு முந்தைய வாரம் வீட்டை ஒழித்தபோது பழைய பிஸ்கட் டின் ஒன்று கையில் சிக்கியது. திறந்தால் அப்பாவின் மருந்துகள். அவர் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. அதைத் தொட எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நான்கு அட்டை, பாதியில் நிறுத்திய சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை ஆறு, அடியில் கட்டிதட்டிப்போன இருமல் சிரப், கடைசி நாட்களில் வலிக்குக் கொடுத்த டிரமடால் ஐந்து, கொஞ்சம் இன்சுலின் ஊசி.

“டாய்லெட்ல போட்டுத் தண்ணிய ஊத்திடு, யார் கையிலயும் கிடைக்காது” என்றார் அம்மா. தெருமுனை மருந்துக் கடையில், “தேதி முடிஞ்சதை வாங்க முடியாது சார், குப்பையில போட்டுடுங்க” என்றார்கள். காலையில் பேட்டரி வண்டியில் குப்பை வாங்க வரும் அக்காவோ, “இதைப் பச்சைக் கூடையில போடறதா நீலக் கூடையில போடறதான்னு எங்களுக்கே யாரும் சொல்லல சார்” என்றார்.

எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு குளம் இருக்கிறது. அன்று மாலை அதன் படியில் உட்கார்ந்திருந்தபோது தண்ணீர் ஓரத்தில் ஒரு வெள்ளி நிற மாத்திரை அட்டை மிதந்துகொண்டிருந்தது. இந்தத் தண்ணீரைச் சோதிக்கிறவர்கள் அந்த மாத்திரையைக் கண்டுபிடிப்பார்களா? கண்டுபிடித்தால் யாரிடம் சொல்வார்கள்? இந்த இரண்டு கேள்விகளுக்காகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வேதியியல் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

மாத்திரை போகும் வழி

சென்னையில் தரைக்கடியில் இரண்டு தனித்தனி அமைப்புகள் ஓடுகின்றன. ஒன்று பாதாளச் சாக்கடை. கழிவறை, குளியலறை, சமையலறைத் தண்ணீரெல்லாம் இதில் இறங்கி, பம்பிங் ஸ்டேஷன்கள் வழியாகக் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகும். இது மெட்ரோ வாட்டர் வாரியத்தின் பொறுப்பு. இன்னொன்று மழைநீர் வடிகால். இது மாநகராட்சியின் பொறுப்பு. இதில் ஓடும் தண்ணீருக்குச் சுத்திகரிப்பு கிடையாது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் என்று நேராகப் போய்விடும். வழியில் சில இடங்களில் குளத்துக்கும் ஏரிக்கும் போகும்.

இந்த இரண்டும் எங்கும் சேரக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. ஆனால் கழிவுநீர்க் குழாயை ரகசியமாக மழைநீர் வடிகாலில் விட்டிருக்கும் கட்டடங்கள் இந்த ஊரில் எத்தனையோ உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் கழிவறையில் போட்ட மாத்திரை சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்காமலே நீர்நிலைக்குப் போய்விடும்.

சரி, நிலையத்துக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே நடப்பது என்ன? பெரிய தொட்டிகளில் காற்றைச் செலுத்தி, கழிவைத் தின்னும் பாக்டீரியாக்களை வளர்க்கிறார்கள். மலம், சோப்பு, உணவுத் துணுக்கு எல்லாவற்றையும் அவை தின்று தீர்க்கும். அதற்காகக் கட்டப்பட்டவைதான் இந்த நிலையங்கள். மருந்து மூலக்கூறுகளை நீக்குவது அவற்றின் இலக்காக இருந்ததில்லை. சில மருந்துகள் ஓரளவு சிதையும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபின் போன்றவை போன வேகத்திலேயே வெளியே வந்துவிடும்.

குப்பையில் போட்டால்? அது கொடுங்கையூர்க் குப்பை மேட்டுக்கோ பெருங்குடிக் குப்பை மேட்டுக்கோ போய்ச் சேரும். குப்பை மேட்டின்மேல் மழை பெய்தால், தேநீர் வடிகட்டியில் இறங்குவது போலக் கறுத்த சாறு கீழே இறங்கும். பெருங்குடிக் குப்பை மேட்டை ஒட்டித்தான் பள்ளிக்கரணை சதுப்புநிலம் இருக்கிறது. 2022-ல் ராம்சர் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அதே சதுப்புநிலம்.

இதில் நேர்மையாகச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. தண்ணீரில் சேரும் மருந்தில் பெரும்பங்கு நாம் தூக்கிப் போடுவது அல்ல. விழுங்கிய மருந்தே சிறுநீரில் வெளியேறுகிறது. மெட்ஃபார்மினை உடல் சிதைப்பதே இல்லை, அப்படியே வெளியே அனுப்பிவிடுகிறது. மருந்து ஆலைகளும் ஒரு பெரிய வழி. ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில் மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியேற்றும் நிலையத்தின் நீரை ஆராய்ந்து 2007-ல் வெளியான ஆய்வில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின் இருந்தது. மருந்து சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் அளவை விட அது அதிகம். அப்படியானால் வீட்டு டின்னைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? சிறுநீரைத் தடுக்க முடியாது. ஆலையைத் தடுக்க அரசு வேண்டும். டின்னைத் தடுக்க நாமும் வார்டு அலுவலகமும் போதும்.

குளத்து நீரில் சோதிப்பது எதை?

‘தண்ணீர் நல்லாயிருக்கா?’ என்று பொதுவாகக் கேட்டால் ஆய்வகத்தில் பதில் கிடைக்காது. ‘எதற்கு நல்லாயிருக்கா?’ என்று திருப்பிக் கேட்பார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏரி, ஆறு, குளத்து நீரைப் பயன்பாட்டைப் பொறுத்து ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறது. கிருமி நீக்கினாலே குடிக்கலாம் என்பது முதல் வகுப்பு. குளிக்கலாம், முழுச் சுத்திகரிப்புக்குப் பின் குடிக்கலாம், மீன் வாழும், பாசனத்துக்கு ஆகும் என்று வரிசையாக இறங்கும். நம்மூர்க் குளங்களுக்குப் பெரும்பாலும் பொருந்துவது குளிக்கும் நீருக்கான அளவுகோல். அதில் நான்கு எண்கள்தான் முக்கியம்.

முதலாவது பி.எச். புளிப்பா காரமா என்பதைச் சொல்வது. 6.5-க்கும் 8.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். இதில் பெரிதாக விளக்க ஒன்றுமில்லை.

அடுத்தது கரைந்த ஆக்சிஜன். லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது வேண்டும். மீன் சுவாசிப்பது இதைத்தான். இதில் நேரம் முக்கியம். பச்சைப் பாசி படர்ந்த குளத்தில் பகலெல்லாம் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அதே பாசி ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்த மாதிரி ஆஹா என்றிருக்கும், விடியற்காலை ஐந்து மணிக்கு எடுத்தது மிக மோசமாக இருக்கும். கோடையில் மீன்கள் விடிகாலையில் செத்து மிதப்பதற்கு இதுவே வழக்கமான காரணம். முடிவுத் தாளில் எண்ணைப் பார்க்கும் முன் மாதிரி எடுத்த நேரத்தைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

மூன்றாவது பி.ஓ.டி. தண்ணீரில் உள்ள அழுக்கைத் தின்ன பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்ற கணக்கு. மாதிரியைப் பாட்டிலில் அடைத்து 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் இருட்டில் வைப்பார்கள். முதல் நாள் இருந்த ஆக்சிஜனில் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள் இருந்தால் குளிக்கலாம். சாக்கடை கலந்தால் இது எகிறும்.

நான்காவதுதான் சுகாதாரத் துறை முதலில் பார்ப்பது: மலக் கோலிஃபார்ம். மனிதர், மாடு, நாய் போன்றவற்றின் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் இவை. இவற்றில் பெரும்பாலானவை நோய் தராது. ஆனால் இவை இருக்கும் இடத்துக்குக் காலராவும் டைஃபாய்டும் வர வழி இருக்கிறது என்று பொருள். மாதிரியைச் சர்க்கரை கலந்த திரவக் குழாய்கள் பலவற்றில் ஊற்றி 44.5 டிகிரியில் வைப்பார்கள். பாக்டீரியா இருந்தால் சர்க்கரையைப் புளிக்கவைத்து வாயுவை வெளியிடும். மாவு பொங்குவது மாதிரிதான். எத்தனை குழாயில் வாயுக் குமிழ் வந்தது என்பதை எண்ணி, அட்டவணையைப் பார்த்து, 100 மில்லியில் எத்தனை பாக்டீரியா இருக்கலாம் என்று மதிப்பிடுவார்கள். 500-க்குள் இருப்பது நல்லது. 2,500-க்கு மேல் போனால் அந்தக் குளம் குளிக்க உகந்ததல்ல. குடிநீரில் இவ்வகையைச் சேர்ந்த ஈ.கோலை பாக்டீரியா 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

மாதிரி எடுப்பதிலும் பக்குவம் வேண்டும். கொதிகலனில் கிருமி நீக்கிய பாட்டில். மூடியின் உட்புறத்தை விரலால் தொடக் கூடாது. படிக்கட்டு ஓரத்தில் மிதக்கும் நுரையை அள்ளாமல், சுமார் ஒரு அடி ஆழத்தில் பாட்டிலை மூழ்கவைத்து எடுக்க வேண்டும். உடனே ஐஸ் பெட்டியில் வைத்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். பழைய பிஸ்லெரி பாட்டிலில் எடுத்துப் போய்க் கொடுத்தால் பாட்டிலின் பாக்டீரியாவைத்தான் எண்ண வேண்டியிருக்கும்.

இப்போது நான்கு எண்களையும் திரும்பப் பாருங்கள். மருந்து எங்கே? எங்குமில்லை. சோதனையின் குறை என்று இதைச் சொல்ல மாட்டேன். குளத்தில் சாக்கடை கலக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க உருவான சோதனை அது, அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. மருந்தைத் தேட வேண்டுமானால் நானோகிராம் அளவை அளக்கும் நிறை நிறமாலைக் கருவி (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) வேண்டும். அது ஆராய்ச்சிக் கூடங்களில்தான் இருக்கும், ஒரு மாதிரிக்கே செலவு அதிகம். ஆகவே ‘குளிக்க உகந்தது’ என்று தாளில் வந்த குளத்திலும் மருந்து இருக்கலாம்.

மூன்று மாத்திரைக் கணக்கு

‘இவ்வளவு பெரிய குளத்தில் ஒரு மாத்திரை என்ன செய்துவிடும்?’ என்று நானும் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஹெக்டேர் பரப்பு, இரண்டு மீட்டர் ஆழம் உள்ள குளம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது இரண்டரை ஏக்கர். அதில் இரண்டு கோடி லிட்டர் தண்ணீர் நிற்கும். 500 மில்லிகிராம் சிப்ரோஃபிளாக்சசின் மாத்திரை ஒன்று முழுவதும் கரைந்து பரவினால் லிட்டருக்கு 25 நானோகிராம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. துச்சம்தான்.

ஆனால் இந்த மருந்துக்கு எதிர்ப்புச் சக்தி பெற்ற பாக்டீரியாக்கள் மற்றவற்றை விட வேகமாகப் பெருகத் தொடங்கக்கூடிய அளவு எது என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். லிட்டருக்கு 64 நானோகிராம். மூன்று மாத்திரை போட்டால் 75. அப்பாவின் டின்னில் இருந்தது ஆறு.

நிஜக் குளத்தில் இது இப்படியே நடக்காது. வெயில் இந்த மருந்தைச் சிதைக்கும், சேறு உறிஞ்சிக்கொள்ளும். ஒருமுறை போட்டதோடு நின்றால் சில வாரங்களில் தணிந்துவிடும். ஆனால் சுற்றியுள்ள நூறு வீடுகள் சேர்ந்தால் நிற்பதில்லை. கோலிஃபார்ம் சோதனையோ பாக்டீரியாவை எண்ணும், அது எந்த மருந்துக்கு அடங்கும் எதற்கு அடங்காது என்பதைச் சொல்லாது. பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத என்.டி.எம்-1 மரபணுவைப் பற்றி 2010-ல் வெளியான ஆய்வில் சென்னையின் நோயாளி மாதிரிகளும் இருந்தன. எனவே இது நமக்குத் தொலைதூரத்துச் செய்தி அல்ல.

மீனுக்கு இன்னும் குறைந்த அளவே போதும். கனடாவில் ஆராய்ச்சிக்காகவே ஒதுக்கிய ஓர் ஏரியில், கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோனை 2001 முதல் மூன்று கோடைகள் லிட்டருக்கு 5, 6 நானோகிராம் என்ற அளவில் கலந்தார்கள். ஆண் மீன்கள் பெண் தன்மை அடைந்தன. ஒரு சிறுமீன் இனம் அந்த ஏரியிலிருந்து ஏறக்குறைய அழிந்தே போனது.

பயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. குடிநீரில் காணப்படும் மருந்துத் துளிகளால் மனிதருக்கு நேரடித் தீங்கு வர வாய்ப்பு மிகக் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் 2012-ல் கூறியிருக்கிறது. அதை நான் நம்புகிறேன். குளத்துக்கும் மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் அந்த ஆறுதல் பொருந்தாது.

யார் பொறுப்பு?

இதைத் தேடித் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு அதிக நாள் ஆனது. குளம் கோயிலுடையது என்றால் அறநிலையத் துறை. பெரிய ஏரி என்றால் நீர்வளத் துறை. பூங்காவுக்குள் உள்ள குட்டை மாநகராட்சியுடையது. பள்ளிக்கரணை வனத்துறையுடையது. தண்ணீரின் மாசைக் கண்காணிப்பது 1982-ல் அமைந்த தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அந்தத் தண்ணீரால் நோய் வருமா என்று பார்ப்பது மாநகராட்சியின் சுகாதாரத் துறை. அதற்கான அதிகாரம் 1939-ல் மதராஸ் மாகாணத்தில் வந்த பொது சுகாதாரச் சட்டத்திலிருந்து வருகிறது. நாட்டிலேயே இப்படியொரு சட்டத்தை முதலில் கொண்டுவந்தது இந்த ஊர்தான் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. தண்ணீரைச் சோதிக்க, கிண்டியில் 1899-ல் தொடங்கிய கிங் நிலைய வளாகத்தில் பொது சுகாதாரத் துறையின் ஆய்வகம் இருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் மெட்ரோ வாட்டரின் ஆய்வகம் இருக்கிறது. வீட்டுக் கிணற்று நீரையோ போர்வெல் தண்ணீரையோ கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம்.

மருந்தின் பக்கம் வேறு துறைகள். கடையில் விற்கும் வரை அது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் கையில். தேதி முடிந்ததைத் தனியே எடுத்துவைக்க வேண்டும், விற்கக் கூடாது என்று கடைக்கு விதி உண்டு. மருத்துவமனையில் மீந்துபோனால் 2016-ம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள் பையில் போட்டு, பொது எரியூட்டு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். பைக்கு பார்கோடு கூட உண்டு. அதே மாத்திரை நம் வீட்டு டின்னில் இருந்தால்? 2016-ம் ஆண்டு திடக்கழிவு விதிகள் அதை ‘வீட்டு அபாயக் கழிவு’ என்றன. பெயிண்ட் டப்பா, டியூப்லைட், பாதரச தெர்மாமீட்டர், ஊசி ஆகியவற்றோடு காலாவதி மருந்தையும் அதில் சேர்த்திருந்தார்கள். அதை வாங்கிக்கொள்ள 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் உள்ளாட்சி அமைக்க வேண்டும் என்றும் சொல்லின. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் 22 மையம். அவற்றுக்குப் பதிலாக 2026-ல் வந்த புதிய விதிகள் குப்பையை ஈரம், உலர், சானிட்டரி, தனிக் கவனக் கழிவு என்று நான்காகப் பிரித்து, மருந்தைக் கடைசி வகையில் வைக்கின்றன.

விதி இருக்கிறது. எங்கள் தெருவில் இரண்டு கூடைதான் வருகிறது. கேரளத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அங்கே மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2025-ல் கோழிக்கோட்டில் தொடங்கி, வீடுகளில் மீந்த மருந்தைச் சேகரித்து எரியூட்ட அனுப்புகிறது. இங்கும் மருந்துக் கடையில் ஒரு பெட்டி வைத்தால் போதும் என்பது என் எண்ணம். மாத்திரை வாங்கப் போகிற இடத்தில்தான் மீந்ததைக் கொடுக்கவும் கால் போகும்.

அதுவரை வீட்டில்

பொதுவாக மருந்தைக் கழிவறையில் போடக் கூடாது. ஆனால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 17 மருந்துகளைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறது. மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால், டேபென்டடால், டயசெபாம் போன்றவை அந்தப் பட்டியலில் உண்டு. குழந்தை கையில் கிடைத்தால் உயிருக்கே ஆபத்தாகக்கூடியவை, போதைக்குப் பயன்படக்கூடியவை. வீட்டில் ஒரு நாள் கூடுதலாகக் கிடப்பதை விட நீரில் போவது குறைந்த தீமை என்ற கணக்கு. ஆக, அந்த ஐந்து மாத்திரைகளைப் பொறுத்தவரை அம்மா சொன்னதுதான் சரி.

மற்றவற்றைத் திருப்பி வாங்கும் மையம் கிடைக்காவிட்டால் இரண்டாம் பட்சமான வழி ஒன்று உண்டு. அட்டையிலிருந்து மாத்திரையைப் பிரித்து, பொடிக்காமல், காப்பி வடிகட்டியில் மீந்த சக்கையோடு கலந்து, இறுக மூடிய டப்பாவில் போட வேண்டும். கசப்பும் அழுக்குமாக இருப்பதால் குப்பை கிளறும் நாயோ மாடோ குழந்தையோ வாயில் வைக்காது, யாரும் எடுத்துத் திரும்ப விற்கவும் முடியாது. இது குப்பைச் சாற்றைத் தடுக்காது, உடனடி விபத்தைத்தான் தடுக்கும். சிரப்பையும் அப்படியே சக்கையில் ஊற்றிவிடலாம். போகி நெருப்பில் மாத்திரை அட்டையைப் போடவே கூடாது. அந்த பிளாஸ்டிக் எரிந்தால் நச்சுப் புகை வரும். ஆஸ்துமா பம்ப் வெடிக்கும். ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, மூடியை டேப் சுற்றி, மேலே ‘ஊசி’ என்று பெரிதாக எழுதிக் கையில் கொடுங்கள். இல்லாவிட்டால் அது குத்துவது குப்பையைக் கையால் பிரிக்கிறவர்களின் விரலில். அட்டையின் பின்புறம் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. ஆன்டிபயாடிக்குகளில் அந்தக் கோடு இருக்கும். அதை டாக்டர் எழுதிக் கொடுத்த அத்தனை நாளும் சாப்பிட்டு முடித்தால் மீதி என்ற பேச்சே இல்லை.

டிரமடாலைக் கழிவறையில் போட்டாயிற்று. மற்றவை சிவப்பு மார்க்கரில் ‘காலாவதி மருந்து’ என்று எழுதிய ஹார்லிக்ஸ் பாட்டிலில், அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. வார்டு மக்கள் கூடிப் பேசும் அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு இரண்டு கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் வார்டுக்கான வீட்டு அபாயக் கழிவு மையம் எது? எங்கள் குளத்தில் கடைசியாக எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு மாதிரி எடுத்தீர்கள், அந்த நான்கு எண்களைப் படிக்கட்டு அருகே பலகையில் எழுதிவைப்பீர்களா? மாநகராட்சியின் 1913 என்ற புகார் தொலைபேசிக்கும் இதையே சொல்லிப் புகார் எண் வாங்கியிருக்கிறேன். பதில் வந்ததும் முதலில் அந்த வண்டி அக்காவிடம்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.